அக்கரைப் பாவங்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நெல்லிக்குப்பத்திலிருந்து பண்ருட்டியில் பஸ் மாறி, நெய்வேலி டவுன்ஷிப்பில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். ஞாயிறன்று சபைக்குப் போகாமல் சித்தி வீட்டில் சோறு கிடைக்காது. போனேன். போதகர் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் பேசினார். அதில் முக்கால்வாசி அமெரிக்கா. 1962-ல் அமெரிக்கப் பள்ளிகளில் ஜெபத்தை நிறுத்தினார்களாம். அன்றைக்குத் தொடங்கியதாம் அந்தத் தேசத்தின் வீழ்ச்சி. 2015-ல் ஒரே பாலினத்தவர் மணம் செய்துகொள்ளலாம் என்று அங்குள்ள உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் கர்த்தர் தம் கையை எடுத்துவிட்டாராம். 2022-ல் அதே நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையை ரத்து செய்தது விசுவாசிகளின் கண்ணீருக்குக் கிடைத்த பதிலாம். கடைசியில் குரலை உயர்த்திச் சொன்னார்: "வேதம் சொல்ற கல்யாணம் ஒண்ணே ஒண்ணுதான். ஒரு ஆண், ஒரு பெண்." கூட்டம் ஆமென் என்றது.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தி மகன் மட்டும் தலை நிமிரவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் இதே போதகரிடம் அவன் போயிருந்தான். அதே சபையைச் சேர்ந்த ஒரு பெண்ணும் அவனும் நான்கு வருடமாகக் காதலிக்கிறார்கள். இருவரும் ஞானஸ்நானம் பெற்றவர்கள். இருவருக்கும் வேலை இருக்கிறது. பெண் வீட்டார் இடைநிலைச் சாதியிலிருந்து வந்த கிறிஸ்தவர்கள்; நாங்கள் பறையர். போதகர் சொன்ன பதிலை என் தம்பி அப்படியே மனப்பாடமாகச் சொல்கிறான்: "அவசரப்படாதீங்க தம்பி. ஊர் வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல. ரெண்டு குடும்பத்துக்கும் மனசு ஒத்து வரட்டும். ஜெபிப்போம்."

ஒரு ஆண், ஒரு பெண். வேறென்ன குறைகிறது?

இந்த ஒரு போதகரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. பழகியவரைக்கும் அவர் நல்ல மனிதர். சித்தப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரவெல்லாம் கூட இருந்தவர். அவர் கையில் ஒரு பாவப் பட்டியல் இருக்கிறது. அது அவர் எழுதியது இல்லை. தமிழில் குரல் கொடுக்கப்பட்ட அமெரிக்கப் பிரசங்கங்கள், மொழிபெயர்ப்புப் புத்தகங்கள், வாட்ஸப்பில் சுற்றும் இரண்டு நிமிட வீடியோக்கள் என்று பல வழிகளில் அது நம் ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கருக்கலைப்பு, ஒருபாலின உறவு, பரிணாமக் கொள்கை, பெண்ணியம் ஆகியவை அந்தப் பட்டியலில் உண்டு. சாதி இல்லை. ஏன் இல்லை என்று கேட்டால், அந்தப் பட்டியலைத் தயாரித்த ஊரில் நிறவெறி ஏன் விடுபட்டது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அமெரிக்க வலதுசாரிக் கிறிஸ்தவ அரசியல் என்று இன்று நாம் அறிவது 1970-களின் இறுதியில் உருவானது. ஜெர்ரி ஃபால்வெல் என்ற பாப்டிஸ்ட் போதகர் 1979-ல் 'மாரல் மெஜாரிட்டி' அமைப்பைத் தொடங்கினார். கருக்கலைப்பை எதிர்த்துக் கிளம்பிய இயக்கம் என்றுதான் அது தன்னைச் சொல்லிக்கொள்கிறது. அங்கேயே மதவரலாறு எழுதும் ராண்டால் பால்மர் இதை மறுக்கிறார். கருக்கலைப்பை உரிமையாக்கிய தீர்ப்பு 1973-ல் வந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1971-ல், அமெரிக்காவின் மிகப் பெரிய பழமைவாதச் சபையான தெற்கு பாப்டிஸ்ட் மாநாடு, சில சூழல்களில் கருக்கலைப்பை அனுமதிக்கலாம் என்று தீர்மானமே போட்டிருந்தது. அப்படியானால் அவர்களைத் தெருவுக்கு இழுத்தது எது? பள்ளிக்கூடம்.

1954-ல் கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஒரே பள்ளியில் படிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தென்மாநில வெள்ளையர்கள் பிள்ளைகளை அரசுப் பள்ளியிலிருந்து எடுத்து, 'கிறிஸ்தவப் பள்ளி' என்று பெயர் வைத்த தனியார் பள்ளிகளில் சேர்த்தார்கள். ஃபால்வெல்லும் 1967-ல் லிஞ்ச்பர்க் நகரில் ஒன்றைத் தொடங்கினார். 1971-ல், நிறம் பார்த்துச் சேர்க்கும் பள்ளிகளுக்கு வரிவிலக்கு கிடையாது என்று நீதிமன்றம் உறுதிசெய்தது. 1976-ல் பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகம் என்ற கிறிஸ்தவ நிறுவனம் தன் வரிவிலக்கை இழந்தது. கறுப்பரும் வெள்ளையரும் காதலிப்பதற்கு அங்கே தடை இருந்தது. அந்தத் தடை விலக 2000-ஆம் ஆண்டு ஆனது. இந்த வரிவிலக்குச் சண்டையில்தான் போதகர்கள் அரசியல் கூட்டணியாகச் சேர்ந்தார்கள் என்பது பால்மரின் வாதம். நிறப் பாகுபாட்டைக் காப்பாற்றச் சேர்ந்தோம் என்று மேடையில் சொல்ல முடியாது. அதனால் சொல்லக்கூடிய பாவங்கள் தேவைப்பட்டன, கருக்கலைப்பு கிடைத்தது. பால்மருடன் முரண்படும் வரலாற்றாளர்களும் உண்டு. ஆனால் 1971 தீர்மானத்தையும் வரிவிலக்கு வழக்குகளையும் யாரும் மறுக்க முடியாது.

சித்தி மகன் கதைக்கு இன்னும் நெருக்கமான ஒன்று அமெரிக்காவிலேயே நடந்திருக்கிறது. வர்ஜீனியாவைச் சேர்ந்த ரிச்சர்ட் லவ்விங் என்ற வெள்ளைக்காரரும் மில்ட்ரெட் என்ற கறுப்பினப் பெண்ணும் 1958-ல் மணந்துகொண்டார்கள். அதற்காகக் கைது செய்யப்பட்டார்கள். 1959-ல் அவர்களுக்குத் தண்டனை விதித்த நீதிபதி பின்னர் காட்டிய காரணம் சட்டம் மட்டும் இல்லை. கடவுள் இனங்களைத் தனித்தனிக் கண்டங்களில் வைத்ததே அவை கலக்கக் கூடாது என்பதற்காகத்தான் என்று வாதிட்டார். ஒரு ஆண், ஒரு பெண், இருவரும் ஒரே கடவுளை நம்பியவர்கள், ஆனாலும் வேதத்தின் பெயரால் குற்றவாளிகள். 1967-ல்தான் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டங்களைத் தூக்கி எறிந்தது. 'வேதம் சொல்லும் திருமணம்' என்ற தொடர் அறுபது வருடத்துக்கு முன் அங்கே யாருக்கு எதிராகப் பயன்பட்டது என்று நம் ஊர் விசுவாசிகளுக்கு யாரும் சொல்வதில்லை.

"சபையில அரசியல் பேசக் கூடாது" என்பது நம் பக்கத்துப் போதகர்கள் அடிக்கடி சொல்வது. அமெரிக்கத் தென்மாநிலப் பிரஸ்பிட்டேரியன்கள் 19-ஆம் நூற்றாண்டில் இதை ஒரு கோட்பாடாகவே வைத்திருந்தார்கள். சபைக்கு ஆத்துமா, அரசாங்கத்துக்கு அடிமைமுறை. ஒன்று மற்றதில் தலையிடக் கூடாது. 1963-ல் மார்ட்டின் லூதர் கிங் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து கடிதம் எழுதியதும் இப்படிப்பட்ட ஒரு அறிவுரைக்குப் பதிலாகத்தான். வெள்ளைக்கார மதகுருக்கள் எட்டுப் பேர் சேர்ந்து, உங்கள் போராட்டத்துக்கு இது காலம் இல்லை என்று அறிக்கை விட்டிருந்தார்கள். அவசரப்படாதீங்க தம்பி.

இதே அமெரிக்கக் கிறிஸ்தவத்தின் இன்னொரு கதை நம் பெந்தெகொஸ்தே சபைகளுக்குச் சொந்தமானது. ஆனால் பிரசங்கத்தில் நான் அதைக் கேட்டதில்லை. வில்லியம் சீமோர் அடிமைகளாக இருந்தவர்களின் மகன். 1906-ன் தொடக்கத்தில் ஹூஸ்டன் நகரில் சார்லஸ் பார்ஹாம் நடத்திய வேதாகமப் பள்ளிக்குப் படிக்கப் போனார். கறுப்பர் என்பதால் வகுப்புக்குள் அனுமதி இல்லை. நடைவழியில் உட்கார்ந்து, திறந்திருந்த கதவு வழியாகப் பாடம் கேட்டார். இந்த இடத்தைப் படிக்கும் நமக்கு, வீட்டிலிருந்து கொண்டுவந்த சாக்கில் தனியே உட்கார்ந்து படித்த பீமாராவ் நினைவுக்கு வராமல் போகாது. சில மாதங்களில் லாஸ் ஏஞ்சல்ஸின் அசூசா தெருவில் சீமோர் தொடங்கிய எழுப்புதல் கூட்டங்களிலிருந்துதான் உலகப் பெந்தெகொஸ்தே இயக்கத்தின் பெரும்பகுதி கிளைத்தது. அங்கே கறுப்பரும் வெள்ளையரும் மெக்சிகரும் தோளோடு தோள் மண்டியிட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் வந்து பார்த்த பார்ஹாம் முகம் சுளித்தார். இனங்கள் இப்படிக் கலந்து கிடப்பதை அவரால் தாங்க முடியவில்லை. சில ஆண்டுகளில் வெள்ளையர்கள் தங்களுக்கென்று தனிச் சபை அமைப்புகளைக் கட்டிக்கொண்டார்கள். அந்நிய பாஷை நம் ஊர் வரைக்கும் வந்துவிட்டது. தோளோடு தோள் மண்டியிட்டது வழியிலேயே நின்றுவிட்டது.

இதற்கெல்லாம் கடல் தாண்டிக்கூடப் போக வேண்டியதில்லை. நெல்லிக்குப்பத்திலிருந்து பண்ருட்டி ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் மேல்பட்டாம்பாக்கம். பஸ் ஜன்னலிலிருந்து எத்தனையோ முறை பார்த்த ஊர். அங்கே ஒரு மிஷன் ஏன் வந்தது என்று ஆராய்ச்சிப் படிப்புக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

1850-ல் சென்னையில் கூடிய மிஷனரிகள் மாநாடு, சாதியை விட்டொழிக்காதவருக்குச் சபையில் இடம் இல்லை என்று அறிவித்தது. லைப்சிக் லுத்தரன் மிஷன் மட்டும் சேரவில்லை. அதன் இயக்குநர் கார்ல் கிரௌல் அப்போது தமிழ்நாட்டில் சுற்றுப்பயணத்தில் இருந்தார். திருக்குறளை ஜெர்மன் மொழிக்குக் கொண்டுபோனவர் என்று நாம் விழா மேடைகளில் கொண்டாடும் அதே கிரௌல்தான். சாதி ஒரு சமூக வழக்கம், ஐரோப்பாவில் இருக்கும் படிநிலைகளைப் போன்றது, அதைச் சபை வலிந்து உடைக்கத் தேவையில்லை என்பது அவர் நிலை. தமிழை நேசித்தவர்தான். தமிழரிடம் இருந்த சாதியையும் பண்பாடு என்று சேர்த்தே நேசித்துவிட்டார். அவருக்கு முன்பே, நாம் இன்றும் பாடும் கீர்த்தனைகளை எழுதிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியார், வேளாளருக்குக் கோயிலில் தனி இருக்கை வேண்டும் என்று மிஷனரிகளோடு மல்லுக்கட்டியிருக்கிறார்.

லைப்சிக் மிஷனுக்குள் இதை ஏற்காதவர்களில் ஒருவர் கார்ல் ஓக்ஸ். சாதிக்கு இடம்கொடுக்கும் மிஷனில் இருக்க முடியாது என்று வெளியேறி, 1860-களின் தொடக்கத்தில் பட்டாம்பாக்கத்தில் 'பெத்தானியா' என்ற பணித்தளத்தைத் தொடங்கினார். பிறகு டேனிஷ் மிஷன் அவரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. இன்று கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் வேர் அது. நம் மாவட்டத்தின் ஒரு திருச்சபை, சாதிச் சண்டையில் ஒருவர் எழுந்து வெளியே நடந்ததால் பிறந்தது. வெள்ளைக்காரர் எவரையும் நான் தெய்வமாக்கவில்லை. காலனி ஆட்சியின் நிழலில் வந்தவர்கள்தான். ஆனால் 'ஊர் வழக்கம்' என்ற பதிலுக்கு இந்த மண்ணிலேயே 160 வருடத்துக்கு முன் ஒரு மறுப்பு இருந்திருக்கிறது.

அமெரிக்கர்களும் அந்தக் காலத்தில் இங்கே சாதியை எதிர்த்திருக்கிறார்கள். அமெரிக்க மதுரை மிஷன் 1847-ல் தன் ஊழியர்களிடம் சாதியை விட்டதற்கு நிரூபணம் கேட்டது. எந்தச் சாதியார் சமைத்தாலும் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பல உபதேசியார்கள் வேலையை விட்டுப் போனார்கள், மிஷன் இறங்கி வரவில்லை. நிமிர்ந்து நின்று பாராட்டத் தோன்றுகிறது இல்லையா? கொஞ்சம் பொறுங்கள். அந்த மிஷனுக்குப் பணமும் ஆளும் அனுப்பிய பாஸ்டன் தலைமை அமைப்பு, அதே 1840-களில், அமெரிக்கப் பழங்குடியினர் நடுவே தான் நடத்திய சபைகளில் அடிமை வைத்திருந்தவர்களை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டிருந்தது. அடிமை ஒழிப்பாளர்கள் கேள்வி கேட்டபோது மழுப்பியது. வெறுத்துப்போனவர்கள் 1846-ல் தனி மிஷனரி சங்கம் தொடங்கினார்கள். மதுரையில் சமபந்தி, தன் வீட்டில் சங்கிலி. அன்று அவர்களுக்கு நம் பாவம் பளிச்சென்று தெரிந்தது, தங்களுடையது மங்கலாகத் தெரிந்தது. இன்று நம் போதகருக்கு அமெரிக்கப் பாவம் பளிச்சென்று தெரிகிறது. அக்கரைப் பாவத்தைக் கண்டிப்பதால் காணிக்கை குறையாது, சபை உடையாது, யாரும் கோபித்துக்கொண்டு வேறு சபைக்குப் போகமாட்டார்கள்.

இக்கரையில் என்ன இருக்கிறது? உளுந்தூர்பேட்டைப் பக்கம் இறையூர். தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டதை ஒட்டி, 2008 மார்ச்சில் ஆதிக்கச் சாதிக் கத்தோலிக்கர்கள் அவர்கள் வீடுகளைத் தாக்கினார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களைப் பிரித்து நின்ற சுவர் ஊரறிந்தது. திருச்சி மாவட்டம் கோட்டப்பாளையத்தின் தலித் கத்தோலிக்கர்கள் பங்கில் நடக்கும் பாகுபாட்டை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 பிப்ரவரியில் அரசுக்கு நோட்டீஸ் வாங்கியிருக்கிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபை 2016-ல் தன் தலித் கொள்கை அறிக்கையிலாவது, தீண்டாமை உள்ளே இருப்பதை எழுத்தில் ஒப்புக்கொண்டது. யூடியூப் ஊழியங்களிடமிருந்து அப்படி ஒரு தாளைக்கூட நான் பார்த்ததில்லை. சென்னை குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் 1980-களிலிருந்து தலித் இறையியல் பேசப்படுகிறது. அந்தப் புத்தகங்கள் நூலக அலமாரியில் இருக்கின்றன. சித்தியின் செல்போனுக்கு டெக்சாஸ் பிரசங்கம் வந்துசேர்கிறது, குருகுல் வருவதில்லை.

இதைப் படிக்கும் சில தோழர்களுக்கு ஒரு தயக்கம் இருக்கும். சிறுபான்மையினர் மீது தினம் ஒரு தாக்குதல் நடக்கும் காலத்தில் சபைக்குள் சாதி இருக்கிறது என்று எழுதினால் சங்கிகளுக்குத்தானே லாபம்? எனக்கும் அந்தத் தயக்கம் இருந்தது. சூசை வழக்கைப் படித்த பிறகு போய்விட்டது.

சூசை செருப்புத் தைக்கும் தொழிலாளி. சென்னையில் சாலையோரம் வேலை செய்தவர், ஆதிதிராவிடர், கிறிஸ்தவர். அவரைப் போன்ற தொழிலாளர்களுக்கு அரசு கடை வைக்கப் பெட்டி கொடுத்தது. இந்துக்களுக்குக் கிடைத்தது, அவருக்குக் கிடைக்கவில்லை. 1950-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி, இந்து அல்லாதவரைப் பட்டியல் சாதியாகக் கருதக் கூடாது என்கிறது. பிறகு 1956-ல் சீக்கியருக்கும் 1990-ல் பௌத்தருக்கும் திறந்த கதவு கிறிஸ்தவருக்கும் முஸ்லிம்களுக்கும் திறக்கவில்லை. சூசை உச்ச நீதிமன்றம் போனார். 1985-ல் தீர்ப்பு வந்தது. மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது, அதன் கொடுமை கிறிஸ்தவச் சமூகத்துக்குள்ளும் அதே கடுமையோடு இருக்கிறது என்று நிறுவ வேண்டும், அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றார்கள். ஒரு செருப்புத் தொழிலாளி அந்த ஆதாரத்துக்கு எங்கே போவார்? சபையின் பதிவேடுகளில், ஆயர்களின் அறிக்கைகளில், பிரசங்கங்களில் அது இருந்திருக்க வேண்டும். 'நமக்குள்ள சாதி இல்லை, எல்லாரும் கர்த்தருக்குள் ஒண்ணு' என்று ஒவ்வொரு ஞாயிறும் சொல்லப்படும் வாக்கியம் டெல்லியில் அரசு வழக்கறிஞருக்குப் பயன்படுகிறது.

இது பழைய கதை இல்லை. 2025-ல் ஆந்திர உயர் நீதிமன்றம், சாதியைச் சொல்லித் திட்டித் தாக்கினார்கள் என்று புகார் கொடுத்த ஒரு போதகருக்கு, கிறிஸ்தவரான பிறகு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது என்று சொல்லிவிட்டது. அடித்தவனுக்கு அவர் சாதி தெரிந்திருக்கிறது, சட்டத்துக்குத் தெரியவில்லை. தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லித் தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் போட்டது. நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-லேயே அதைப் பரிந்துரைத்தது. சபைகளும் ஆகஸ்ட் 10-ஐக் கறுப்பு நாளாக அனுசரிக்கின்றன. அன்று ஒருநாள் தெருவில் சாதி இருக்கிறது என்கிறோம், மற்ற நாட்களில் மேடையில் இல்லை என்கிறோம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பட்டியலில் சாதியையும் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டால் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பட்டியலில் ஏற்கெனவே பாவிகளாக நிறுத்தப்பட்டிருப்பவர்கள் யார்? தன் உடம்பைப் பற்றித் தானே முடிவெடுக்க நினைக்கும் பெண், தன் இணையைத் தானே தேர்ந்தெடுக்கும் ஆண் அல்லது திருநர். சாதி உயிர்வாழ்வது பெண்ணின் கருப்பையையும் கல்யாணத்தையும் காவல் காப்பதால்தான் என்று அம்பேத்கர் 1916-லேயே எழுதிக்காட்டிவிட்டார். அந்தக் காவலுக்கு வெளிநாட்டிலிருந்து வேத வசனத்தோடு ஆள் வந்தால் ஊர்ப் பெரியவருக்குக் கசக்குமா? போதகரின் 'வேதத் திருமணம்' பெண் வீட்டாரை ஒரு வார்த்தை சங்கடப்படுத்தவில்லை. அவர்களும் அன்றைக்கு முன்வரிசையிலிருந்து ஆமென் சொன்னார்கள்.

கூட்டம் முடிந்து சித்தி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சீமோர் கதையைச் சொன்னேன். கதவுக்கு வெளியே உட்கார்ந்து படித்தவர் என்றதும் சித்தி பரிமாறுவதை நிறுத்திவிட்டு, "இதை ஏன்டா எங்க ஐயா சொல்றதில்லை?" என்று கேட்டார். பிறகு, மகனைப் பார்க்காமல், என்னைப் பார்த்து, "ஓலை வாசிக்கச் சொல்லி நானே போய்க் கேட்கட்டுமா?" என்றார்.

போய்க் கேட்டிருக்கிறார். மூன்று ஞாயிறு கடந்துவிட்டது, ஓலை இன்னும் வாசிக்கவில்லை. நேற்று சித்தி போன் செய்தபோது, இந்த வாரப் பிரசங்கம் எதைப் பற்றி என்று கேட்டேன். கலிபோர்னியாவில் காட்டுத்தீ ஏன் வருகிறது என்பதைப் பற்றியாம்.